கைக்குத் தட்டுப்படுவது எது?

எனக்கு அப்போது 17 வயது. ஹட்டனில் ஒரு விடுதியில் தங்கி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிசயமாகச் சுடுதண்ணீர் கிடைத்த நாளில், குளிக்கும்போது இடது விதையின் பின்பக்கத்தில் மெத்தென்று ஏதோ ஒன்று விரலில் தட்டுப்பட்டது. முன்பே இருந்ததா, இன்றுதான் வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அதுவரை அங்கே தடவிப் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. அன்றிரவு தூக்கம் போனது. அடுத்த மூன்று மாதங்களுக்குப் புற்றுநோய், மலடு, செய்யாத பாவம் எல்லாம் மாறி மாறி மனத்தில் வந்துபோயின. கடைசியில் ஒரு வைத்தியரின் முன்னால் போய் நின்றேன். அவர் இரண்டு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "வலது பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள் தம்பி" என்றார். தொட்டேன். அங்கேயும் அதே இடத்தில் அதே மெத்தென்ற பொருள். "எனக்கும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

நான் மூன்று மாதம் பயந்தது என் உடம்பின் ஒரு பாகத்தைப் பார்த்து. அப்படிப் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். பயப்படவேண்டிய இடத்தில் பயப்படாமல் இருந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுதான் கவலை.

இந்த உறுப்புக்குப் பெயர் சொல்வதிலேயே நமக்குத் தடுமாற்றம். நமது பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகம் விதை, விதைப்பை என்கிறது. தமிழ்நாட்டு நூல்களில் அது விரை, விரைப்பை. பழைய வைத்திய ஏடுகளுக்கு அண்டம். தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், புழங்கும் சொல்லை அச்சில் போட முடியாது. வைத்தியரின் மேசைக்கு முன்னால் இந்த நான்கும் வாயில் வராமல், "கீழே ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. இங்கே நான் புத்தகச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

வளர்ந்த ஆணின் விதை ஏறக்குறைய 4 முதல் 5 சென்ரிமீற்றர் நீளம். ஓடு உரித்த அவித்த முட்டையைப் போல வழவழப்பாக, அதைவிடச் சற்று இறுக்கமாக இருக்கும். அதன் பின்பக்கத்தை ஒட்டி, மேலிருந்து கீழாக, ஒரு மெத்தென்ற பட்டை ஓடுகிறது. இதைத்தான் வைத்தியர்கள் எபிடிடிமிஸ் என்கிறார்கள். விதையில் உண்டாகும் விந்தணுக்கள் முதிர்ச்சி அடையும் இடம் அது. நெருக்கமாகச் சுருட்டி வைத்த ஒரே ஒரு மெல்லிய குழாய். பிரித்து நீட்டினால் ஆறு மீற்றர் அளவுக்கு வரும். இவ்வளவு நீளத்தை இத்தனை சிறிய இடத்தில் சுருட்டினால் விரலுக்கு அது சீராகத் தெரியுமா? மேல் முனை கொஞ்சம் பருத்திருக்கும், நடுவில் மெலியும், கீழே மறுபடியும் தடிக்கும். 17 வயதில் எனக்குத் தட்டுப்பட்டது அந்த மேல் முனை.

கீழ் முனையிலிருந்து விந்துக் குழாய் புறப்பட்டு மேலே இடுப்பு மடிப்புக்குள் போகிறது. விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தால் பம்பரக் கயிறு மாதிரி இறுகலாக இருக்கும். இதையும் "நரம்பு தடித்துவிட்டது" என்று நினைத்துப் பயப்படுவோர் உண்டு. அதைச் சுற்றி இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஒரு மெல்லிய தசையும் சேர்ந்து ஒரு நாண் போலத் தொங்குகின்றன. விதை தொங்குவதே அந்த நாணில்தான். இந்த நாண் பின்னால் மறுபடி வரும். இடது விதை வலதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து தொங்குவதும், இரண்டில் ஒன்று சற்றுப் பெரிதாக இருப்பதும் பெரும்பாலான ஆண்களுக்கு இயல்பானவை.

மலைநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது குளிர். விதைகள் வேலை செய்ய உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு பாகை குறைவான சூடு வேண்டும்; அதற்காகத்தான் அவை உடம்புக்கு வெளியே ஒரு பையில் தொங்குகின்றன. வெளியே குளிர் கூடினால் பையின் தோலுக்கடியில் உள்ள தசை சுருங்கி அவற்றை உடம்போடு ஒட்ட இழுத்துக்கொள்ளும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது; தை, மாசியில் புல்லில் உறைபனி படிவதும் உண்டு. அந்த நாளில் விடியற்காலை பீலியில் குளித்துவிட்டுத் தொட்டுப் பார்த்தால் பை முழுவதும் சுருங்கிய வாதுமைக் கொட்டையைப் போல இருக்கும். உள்ளே எது எங்கே என்று எந்த வைத்தியருக்குமே சொல்வது கடினம். ஒரு பானை சுடுதண்ணீரில் குளித்த பிறகு, பை தளர்ந்து இறங்கியிருக்கும்போது பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஐந்தாறு பேரோடு வாழ்கிறவர்களுக்கு, சாரத்தைக் கட்டிக்கொண்டு பொதுப் பீலியில் குளிக்கிறவர்களுக்கு, தன் உடம்பைத் தானே தனியாகப் பார்க்க ஓர் இடம் கிடைப்பது அத்தனை எளிதல்ல. இதை எழுதாமல் "மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்யுங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமாகாது.

அப்படி மாதாமாதம் பார்த்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2011 இல், நோய்க்குறி எதுவும் இல்லாத ஆண்கள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைப் பரிந்துரைக்க வேண்டியதில்லை என்றே முடிவு செய்தது. தினமும் தடவிப் பார்ப்பது நோயைக் கண்டுபிடிப்பதைவிடப் பயத்தைத்தான் வளர்க்கும். தன் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று ஒருவனுக்குத் தெரிந்திருந்தால், மாறும்போது கை தானாகச் சொல்லிவிடும்.

ஏதோ தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வைத்தியர் முதலில் தேடுவது, அது விதையிலேயே இருக்கிறதா அல்லது விதையை விட்டு விலகி இருக்கிறதா என்பதைத்தான். விதை ஒரு பக்கம், கட்டி ஒரு பக்கம் என்று விரலால் பிரித்து உணர முடிந்தால், அது பெரும்பாலும் ஆபத்தில்லாத வகையைச் சேர்ந்தது. விதையின் உடலிலேயே, அதன் பாகமாக இறுகி நின்றால் கதை வேறு. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மீதியில் பாதி புரிந்துவிடும்.

விலகி நிற்பவற்றில் அதிகம் காணப்படுவது எபிடிடிமிஸில் வரும் நீர்க்கட்டி. விதையின் தலைக்கு மேலே அல்லது பின்னால், பட்டாணி அளவிலிருந்து சில வேளை எலுமிச்சை அளவு வரை, வழுவழுப்பாக, வலியில்லாமல் உருளும். உள்ளே தெளிந்த நீர் இருக்கலாம், விந்தணு கலந்த பால் நிற நீர் இருக்கலாம். 40 வயது தாண்டியவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும். தொந்தரவு இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி. வெட்டி எடுக்கப்போய்க் குழாய் அடைபட்டால் குழந்தைப் பேற்றுக்கு இடைஞ்சல் வரலாம்.

அடுத்தது வெரிகோசீல். விதையிலிருந்து இரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் நாளங்கள் புடைத்துப்போவது. தொட்டால் ஒரு பையில் மண்புழுக்களைப் போட்டுக் கட்டிய மாதிரி இருக்கும். நூறு ஆண்களில் ஏறக்குறைய பதினைந்து பேருக்கு உண்டு. கிட்டத்தட்ட எப்போதும் இடது பக்கம். இடது பக்கத்து நாளம் நேராக மேலே போய்ச் செங்குத்தாகச் சிறுநீரக நாளத்தில் சேர்வதால் அங்கே அழுத்தம் கூடுதல். வலது நாளம் பெரிய நாளத்தில் சரிவாகச் சேர்கிறது. நின்றால் தெரியும், படுத்தால் வடிந்துவிடும். நாள் முழுக்க மலையில் நின்று கவ்வாத்து வெட்டிவிட்டு வந்தவருக்கு மாலையில் கனமாக இழுப்பதுபோல இருக்கும், காலையில் ஒன்றும் இருக்காது. படுத்த பிறகும் வடியாத வெரிகோசீல், அல்லது வலது பக்கத்தில் மட்டும் திடீரென்று வந்தது என்றால், வயிற்றுக்குள் அந்த நாளத்தை எதுவும் அழுத்துகிறதா, சிறுநீரகத்தில் கட்டி உண்டா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

வெரிகோசீலுக்கும் குழந்தையின்மைக்கும் தொடர்பு உண்டு. குழந்தையில்லை என்று பரிசோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களிடம் இது காணப்படுகிறது. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்தும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால் மாமியார் முதல் பக்கத்து லயத்துக்காரி வரை எல்லோரும் பெண்ணையே பார்ப்பார்கள். அவளைக் கோயில் கோயிலாக அழைத்துப்போவதற்கு முன், அவனை ஒரு தடவை எழுந்து நிற்கவைத்துப் பரிசோதிப்பது மலிவான காரியம்.

ஓதம் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரிந்த சொல். தமிழில் ஓதம் என்றால் கடல்நீர், ஈரம் என்றும் பொருள். விதையைச் சுற்றியுள்ள இரட்டை உறைக்குள் நீர் தேங்குவதை வெறும் கையால் தடவிப் பார்த்தே நீர் என்று கண்டு பெயர் வைத்தவர்களை மெச்ச வேண்டும். வைத்தியர்கள் இதை ஹைட்ரோசீல் என்கிறார்கள். பை ஒரு பக்கம் பலூனைப் போல உப்பும். விதை நீருக்குள் மூழ்கிக் கிடப்பதால் கைக்குத் தெரியாமல்கூடப் போகலாம். இருட்டு அறையில் பையின் பின்னால் ஒரு சிறிய டோர்ச்சை வைத்தால் முழு வீக்கமும் சிவந்த லாந்தர் மாதிரி ஒளிரும். கெட்டியான கட்டி ஒளிராது. கைத்தொலைபேசி வெளிச்சத்திலேயே வீட்டில் பார்த்துவிடலாம் என்று யாராவது கிளம்பக்கூடும். பார்க்கலாம், ஆனால் அதை வைத்து முடிவு கட்டக்கூடாது. கைக்குழந்தையின் குடலிறக்கம்கூடச் சில வேளை ஒளிரும். இளைஞன் ஒருவனுக்குப் புதிதாக நீர் தேங்கினால், உள்ளே மூழ்கியிருக்கும் விதையில் கட்டி இருந்து அதனால் நீர் சுரக்கிறதா என்று ஸ்கேன்தான் சொல்லும். ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்தால் வற்றும், பிறகு பெரும்பாலும் மறுபடி ஊறும்.

ஓதம் என்றதும் யானைக்கால் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டுக்கும் ஒரே புழு காரணமாகலாம். கியூலெக்ஸ் நுளம்பு கடித்துப் பரவும் அந்தப் புழு நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து பல வருடங்களில் காலையோ விதைப்பையையோ வீங்கவைக்கும். இலங்கையில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களின் நோய். மலைநாடு அந்தப் பட்டியலில் இருந்ததில்லை. 2016 இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை அதை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது. ஆகவே பதுளையிலோ தலவாக்கலையிலோ பிறந்து வளர்ந்து அங்கேயே வேலை செய்யும் ஒருவருக்கு ஓதம் வந்தால் யானைக்கால் புழுவைத் தேடிப் போகவேண்டிய தேவை குறைவு. ஆனால் நம் பையன்களில் எத்தனை பேர் பதினாறு வயதிலேயே கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் கடை வேலைக்குப் போகிறார்கள்! பல வருடம் அங்கே இருந்தவர்கள் அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

குடலிறக்கத்தையும் ஓதம் என்றே சொல்லிக் குழப்பிக்கொள்கிற பழக்கம் இருக்கிறது. இரண்டும் வேறு. அடிவயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தின் வழியாகக் குடலின் ஒரு பகுதி பிதுங்கி, விதை தொங்கும் நாண் போகும் அதே பாதையில் பைக்குள் இறங்குவது குடலிறக்கம். இருமினால் துள்ளும், படுத்தால் உள்ளே போகும். வீக்கத்தின் மேல் எல்லையை விரலால் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் அது மேலே வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது. ஓதத்தில் மேல் எல்லை பிடிபடும். ஐம்பது கிலோ உர மூட்டையைத் தோளில் ஏற்றி மலையில் ஏறுகிறவர்கள், கொழுந்து மூட்டையை லொறியில் தூக்கிப் போடுகிறவர்கள், மருந்துத் தாங்கியை முதுகில் கட்டித் திரிகிறவர்கள், நாள்பட்ட இருமல்காரர்கள், பீடி விடாதவர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் குடல் இறங்காது என்ற நம்பிக்கை எங்கள் வீட்டிலும் இருந்தது. கயிறு இடுப்பில் இருக்கிறது, ஓட்டை அதற்குக் கீழே இருக்கிறது. அது எப்படித் தடுக்கும் என்று கேட்டதற்காகப் பாட்டியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இறங்கிய குடல் உள்ளே போக மறுத்து, இறுகி, தொட்டால் வலித்து, வாந்தியும் வந்தால் குடல் நெரிபட்டுவிட்டது என்று பொருள். எண்ணெய் தடவி உள்ளே தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அது அன்றைக்கே சத்திரசிகிச்சை. மற்றபடி, திட்டமிட்ட நாளில் வலை வைத்துத் தைத்துவிட்டால், சில வாரங்களுக்குப் பாரம் தூக்காமல் இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போகலாம்.

தோலில் வருபவற்றுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பையின் தோலில் வெள்ளையாக, கடினமாக, அரிசி முதல் கடலை அளவில் வரும் கொழுப்புக் கட்டிகள். வயது ஏற ஏறக் கருஞ்சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும் சிறு இரத்தக் குழாய்கள். மயிர்க்கால் சீழ் பிடித்தவை. மழைக்காலத்தில் அட்டை கடித்த இடத்துத் தடிப்பு. தோலோடு சேர்ந்து நகர்கிறது, விதையைத் தொடவில்லை என்றால் அது தோல் சமாசாரம். நசுக்காமல் விட்டால் போதும்.

இனி வலி. மெதுவாக ஒன்றிரண்டு நாட்களில் கூடும் வலி, காய்ச்சல், சிறுநீர் எரிவு, விதையின் பின்பக்கம் தடித்துச் சூடாதல் என்று வந்தால் அது பெரும்பாலும் எபிடிடிமிஸில் கிருமித் தொற்று. இளைஞர்களிடம் பாலுறவால் தொற்றும் கிருமிகளும், வயதானவர்களிடம் சிறுநீர்ப் பாதைக் கிருமிகளும் காரணமாகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை முழு நாட்களுக்கும் சாப்பிட வேண்டும். துணைவருக்கும் சிகிச்சை தேவைப்படலாம். இரண்டு கிழமை மருந்துக்கும் மசியாமல், வலி அதிகமில்லாமல், எபிடிடிமிஸ் கட்டியாக இறுகி, விந்துக் குழாய் மணிமாலை கோத்ததுபோலத் தட்டுப்பட்டால் காசநோயை நினைக்க வேண்டும். சயரோகம் நுரையீரலோடு நின்றுவிடும் என்று நினைக்கிறோம், நிற்காது. கூகைக்கட்டு வந்த வளர்ந்த ஆண்களுக்குக் கன்னம் வீங்கிய ஒரு கிழமைக்குள் விதையும் வீங்கி வலிப்பது உண்டு.

இத்தனையிலும் என் மனத்தை அதிகம் உறுத்துவது விதை முறுக்கு. மேலே சொன்ன நாண் திடீரென்று ஒரு சுற்று, இரண்டு சுற்று முறுக்கிக்கொள்ளும். விதைக்குப் போகும் இரத்தம் அங்கேயே நின்றுவிடும். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு அதிகம். எந்த வயதிலும் வரலாம். விளையாடும்போது வரலாம், உறக்கத்திலும் வரலாம். பிறவியிலேயே சிலருக்கு விதை பையோடு சரியாகப் பிணைக்கப்படாமல் மணியின் நாக்குபோல ஆடிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கைப் பிரித்தால் பத்தில் ஒன்பது விதைகளைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கடந்தால் காப்பாற்றுவது அரிது.

ஆறு மணி நேரம் என்றால் நகரத்தில் போதுமான நேரம். மலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரவு பதினொரு மணி. பையன் விழித்துக்கொள்கிறான். வலி அடிவயிற்றுக்கும் ஏறுகிறது, குமட்டுகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை அம்மாவிடம் எந்தச் சொல்லைச் சொல்வான்? "வயிறு வலிக்கிறது அம்மா" என்கிறான். பொய் சொல்லவில்லை, வயிறும்தான் வலிக்கிறது. அம்மா கொத்தமல்லி அவிக்கிறாள், ஓமத் தண்ணீர் கொடுக்கிறாள், வயிற்றில் நல்லெண்ணெய் தடவிவிடுகிறாள். அவன் வாந்தி எடுக்கிறான். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். விடிந்ததும் தோட்டத்து டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திருக்கிறார்கள். அங்கேயும் அவன் வயிற்றையே காட்டுகிறான், சாரத்தை அவிழ்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பெரியாஸ்பத்திரியில் ஒரு வைத்தியர் கேட்டுப் பார்க்கும்போது பகல் ஆகிவிடுகிறது. மேலேறி, குறுக்காகத் திரும்பி, கல்லாக இறுகிய விதை.

வயிற்று வலி, வாந்தி என்று வரும் ஒவ்வொரு பையனின் விதைப்பையையும் பார்த்தே ஆகவேண்டும் என்பது வைத்திய மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம். அது வைத்தியர்களுக்கு மட்டுமான பாடமாக இருக்கக்கூடாது. "கீழேயும் வலிக்கிறதா தம்பி?" என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆம் என்றால், விடியும்வரை காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. அது லயம்வரை ஏற முடியாத பாதையென்றால் முச்சக்கரவண்டியில் பிரதான வீதிவரை இறக்கிவிட வேண்டும். போகும் இடம் சத்திரசிகிச்சைக் கூடம் உள்ள வைத்தியசாலையாக இருக்க வேண்டும்: நுவரெலியா, பதுளை, கண்டி, அல்லது ஹட்டன் பக்கம் என்றால் டிக்கோயாக் கிளங்கன் வைத்தியசாலையில் முதலில் காட்டிக் கேட்கலாம். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு 75 கிலோமீற்றர் அளவுதான்; ஆனால் இறம்பொடை வளைவுகளில் மழையில் அந்த 75 கிலோமீற்றர் எத்தனை மணி நேரம் என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். வழியில் பிள்ளைக்குத் தேத்தண்ணீர், பிஸ்கட் எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருப்பது நல்லது. முறுக்கைப் பிரிக்கும்போது வைத்தியர் மறுபக்க விதையையும் சேர்த்துத் தைத்து நிறுத்திவிடுவார், அந்தப் பக்கமும் அதேபோல ஆடிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால். முன்பு இரண்டு மூன்று முறை கடுமையாக வலித்துத் தானாக நின்றுவிட்ட கதை பையனிடம் இருந்தால், அது தானே முறுக்கித் தானே பிரிந்ததாக இருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

ஏழு முதல் பன்னிரண்டு வயதுச் சிறுவர்களுக்கு விதையின் தலையில் இருக்கும் ஒரு சிறு தொங்கல் மட்டும் முறுக்கிக்கொள்வது உண்டு. தோலின் ஊடாக நீலப் புள்ளி தெரியும். அது ஆபத்தில்லை, வலி மருந்தோடு ஆறிவிடும். ஆனால் எது எது என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க முடியாது.

புற்றுநோய்க்கு வருவோம். விதைப் புற்றுநோய் அரிது. ஆனால் வரும் வயது 15 முதல் 40 வரை, உழைக்கும் வயது. விதையின் உடலிலேயே கல் போன்ற இறுக்கம், அல்லது முழு விதையுமே கனத்துப் பெரிதாதல். பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லாததுதான் இங்கே மோசம். வலித்திருந்தால் ஒரு நாள் பேர், அதாவது ஒரு நாள் கூலி, போனாலும் பரவாயில்லை என்று போயிருப்பான். வலிக்காத ஒன்றுக்காகக் கொழுந்துக் காலத்தில் யார் அரைப்பேருக்கு இறங்குவார்? பிறந்தபோது விதை பைக்குள் இறங்காமல் இருந்தவர்களுக்கு இதன் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல். அதனால்தான் குழந்தை பிறந்ததும் மருத்துவ மாது இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிறார். ஆறு மாதத்திலும் இறங்கவில்லை என்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். மலைக்குளிரில் குழந்தையின் விதை மேலே ஓடி ஒளிந்துகொள்வது வேறு விஷயம். வெந்நீரில் குளிப்பாட்டும்போது இறங்கி வந்தால் அது இறங்கிய விதைதான்.

சந்தேகம் இருந்தால் முதலில் ஸ்கேன். ஜெல்லைப் பூசி ஒரு கருவியைத் தடவிப் பார்ப்பது, அவ்வளவுதான், வலி இல்லை. பிறகு இரத்தத்தில் மூன்று குறிகாட்டிகளைப் பார்ப்பார்கள். கட்டி உறுதியானால் இடுப்பு மடிப்பில் வெட்டி விதையை அகற்றுவார்கள்; விதைப்பையை வெட்டியோ ஊசி குத்தியோ எடுப்பதில்லை, ஏனென்றால் அது நோயை வேறு நிணநீர்ப் பாதைக்குத் திறந்துவிடும். "கட்டியைக் கொஞ்சம் ஊசியால் எடுத்துப் பாருங்கள்" என்று உறவினர் வற்புறுத்துவது இந்த இடத்தில் தவறு. மற்ற விதை நன்றாக இருந்தால் ஆண்மைக்கோ குழந்தைக்கோ பெரும்பாலும் குறை வராது. அடுத்த சிகிச்சைக்குக் கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை. பஸ் காசும், கூடப் போகிறவரின் நாட்கூலியும்தான் வீட்டைக் கரைக்கும்.

நம் ஊரில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு கதை. 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் மும்பையில் நம்மைத் தோற்கடித்த அணியின் யுவராஜ் சிங், அந்தத் தொடரின் நாயகன். அதன் பிறகு அவருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது இதே குடும்பத்தைச் சேர்ந்த புற்றுநோய். விதையில் அல்ல, இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில். அவர் சிகிச்சைக்குப் போன இடம் அமெரிக்காவின் இந்தியானா. 1974 இல் அங்கேதான் லோரன்ஸ் ஐன்ஹோர்ன் என்ற வைத்தியர், சிஸ்பிளாட்டின் என்ற பிளாட்டினம் மருந்தைப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முன் உடம்பெங்கும் பரவிய விதைப் புற்றுநோயோடு வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். பரவிய பிறகும் பெரும்பாலானோர் குணமாகிற புற்றுநோயாக அதை மாற்றியது அந்த மருந்துதான். விதையோடு நின்றிருக்கும் நிலையிலேயே பிடித்துவிட்டால் நூற்றில் 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். யுவராஜ் மறுபடி இந்தியாவுக்கு ஆடினார். அது எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை, அது வேறு கதை.

வாயால் சொல்லக் கூச்சமென்றால் எழுதிக் கொண்டுபோகலாம். கொப்பியில் ஒரு பக்கத்தைக் கிழித்து நான்கு வரி: எந்தப் பக்கம், எப்போது கண்டது, வலி உண்டா இல்லையா, பெரிதாகிக்கொண்டு வருகிறதா. வைத்தியருக்குத் தமிழ் வராவிட்டால் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, கட்டி எங்கே என்று புள்ளி வைத்துக் காட்டலாம். நான் அந்த மூன்று மாதத்தில் அப்படி ஒரு துண்டு எழுதியிருந்தேன், சட்டைப் பையிலேயே மடித்து வைத்திருந்தேன். கடைசியில் அதை எடுக்கவே இல்லை, வைத்தியர் அதற்குள் முடித்துவிட்டார். பிறகு ஒரு நாள் சட்டையைத் துவைக்கும்போது அம்மாவின் கையில் அது அகப்பட்டது. நனைந்து எழுத்து கலைந்திருந்தது. படித்தாளா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.